சத்தம் போடாதீர்கள், முன்னால் வந்து கதையுங்கள்

வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு பேச்சு மொழிச் சிகிச்சையாளரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்றுக்கு அச்சுக்குக் கொடுக்க முன்பே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன். காத்திருக்கக்கூடிய விஷயம் அல்ல அது. மற்றவர்களுக்கும் தேவைப்படும் என்பதால் அதையே முதலில் போடுகிறேன்.

மிஸ், எனக்கு 38 வயது, மூதூரில் படிப்பிக்கிறேன். மூன்று நாளாக வலது காது அடைத்த மாதிரி இருக்கிறது. காலையில் எழும்பும்போதே அப்படித்தான். வலி இல்லை, ஓர் இரைச்சல் மட்டும். தடிமனாக இருக்கும் என்று பாமசியில் துளி மருந்து தந்தார்கள். பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம் தங்கச்சி. இன்றைக்கே போங்கள்.

தடிமனிலும் குறும்பியிலும் காது அடைப்பது உண்மைதான். ஆனால் வலியில்லாமல், ஒரே இரவில், ஒரு காது மட்டும் போவது உட்செவி நரம்பின் பிரச்சினையாகவும் இருக்கலாம். அதற்கு ஸ்டீரொய்ட் மருந்து கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். முதல் இரண்டு கிழமை தாண்டினால் வாய்ப்பு நன்றாகக் குறைந்துவிடும். 'பிறகு பார்ப்போம்' என்று ஒரு மாதம் கழித்து வந்தவர்களுக்குச் செய்ய அதிகம் இருப்பதில்லை.

வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். சத்தம் அடைத்த காதுப் பக்கம் பெரிதாகக் கேட்டால் குறும்பி, சளி போன்ற அடைப்பாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் பெரிதாகக் கேட்டால் உட்செவியைச் சந்தேகிக்க வேண்டும். இது அவசரத்தை உணர்த்துவதற்குத்தானே தவிர, பரிசோதனைக்குப் பதில் அல்ல. எந்தப் பக்கம் கேட்டாலும் போகத்தான் வேண்டும்.

வெளிநோயாளர் பிரிவில் 'காது அடைப்பு' என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் குறும்பி எடுக்கும் வரிசையில் நிற்க வைத்துவிடுவார்கள். 'ஒரு காது திடீரென்று கேட்காமல் போய்விட்டது, மூன்று நாள்' என்று சொல்லுங்கள். அந்த வசனத்தில்தான் அவசரம் தெரிகிறது. (இந்தச் சகோதரி போய்விட்டார், சிகிச்சை தொடங்கிவிட்டது. மீதி அவருடைய சொந்த விஷயம்.)

அப்பாவுக்கு 71 வயது. திருக்கடலூரில் இருக்கிறோம். நாற்பது வருடத்துக்கு மேல் கடல் தொழில் செய்தவர். அண்ணா கனடாவிலிருந்து காசு அனுப்பி இரண்டு காதுக்கும் கருவி வாங்கினோம். ஒரு கிழமை போட்டார், இப்போது அலுமாரிக்குள் கிடக்கிறது. ரேடியோச் செய்தியை வீதிக்கே கேட்க வைக்கிறார். நாங்கள் சத்தமாகக் கதைத்தால் மட்டும் 'ஏன் கத்துகிறாய்' என்று கோபம். அவருக்குக் கேட்கிறதா, இல்லையா?

கேட்கிறது, மகள். விளங்கவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில்தான் உங்கள் வீட்டுச் சண்டை முழுவதும் நடக்கிறது.

உட்செவிக்குள் கிட்டத்தட்ட 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. செத்தால் திரும்ப முளைக்காது. 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ஆபத்து என்பது வேலைத்தலங்களுக்குச் சொல்லும் கணக்கு. படகு எஞ்சின் அதைத் தாண்டும். அப்பா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வாழ்நாளைக் கழித்தவர். அதோடு எங்கள் மாவட்டத்தில் அந்த வயதுக்காரரிடம் 'வெடிச்சத்தத்துக்குக் கிட்ட இருந்திருக்கிறீர்களா' என்று படிவத்தில் உள்ளபடி கேட்பதற்கு எனக்கே ஒரு மாதிரி இருக்கும். யார்தான் இருக்கவில்லை?

சத்தத்தாலும் வயதாலும் முதலில் போவது கீச்சுக் குரலைப் பிடிக்கும் கலங்கள். அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகள் தடித்தவை, அவை கேட்டுவிடும். ச, ட, ப, க எல்லாம் மெலிந்தவை, அவை தொலைந்துவிடும். 'கடை', 'சடை', 'படை' மூன்றும் அப்பாவுக்கு ஒன்றுபோல. நீங்கள் கத்தும்போது என்ன நடக்கிறது? உயிர் ஒலிதான் பெருக்கிறது, மெய் ஒலி பெருப்பதில்லை. போதாக்குறைக்கு, பழுதான உட்செவிக்கு மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் கூடினால் உடனே தாங்காது. 'கேட்கவில்லை' என்பவரே அடுத்த நொடியில் 'கத்தாதே' என்பது நடிப்பல்ல.

இனி அலுமாரிக்குள் கிடப்பது. ஒரு கிழமையில் கழற்றியதில் வியப்பில்லை. பல வருடமாகக் கேட்காத மின்விசிறியும் பாத்திரமும் பக்கத்து வீட்டு நாயும் ஒரே நாளில் காதுக்குள் வந்து விழுந்தால் யாரும் கழற்றத்தான் செய்வார்கள். அவரை முதலில் அமைதியான அறையில், ஒரே ஓர் ஆளோடு, ஒரு மணி நேரம் போடச் சொல்லுங்கள். சில நாள் கழித்து நேரத்தைக் கூட்டுங்கள். சந்தைக்கும் கலியாண வீட்டுக்கும் கடைசியில் போகலாம். மூளை பழக கிழமைகள், சிலருக்கு மாதங்கள் எடுக்கும். 'கீ' என்று விசிலடித்தால் காதுக்குள் போகும் பகுதி சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். வாங்கின இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: கேட்டல் பரிசோதனை வரைபடத்தைப் பார்த்துத்தான் கருவியைச் செட் பண்ணினார்களா? பரிசோதனையே இல்லாமல் விற்பது வெறும் சத்தம் கூட்டும் பெட்டி. அதற்கு இவ்வளவு காசு அநியாயம்.

பற்றரி காற்றை உள்ளிழுத்து வேலை செய்கிற வகையாக இருந்தால், ஒட்டியிருக்கும் நிறத்தாளை உரித்து ஒன்றிரண்டு நிமிடம் வைத்துவிட்டுப் போடுங்கள். திரும்ப ஒட்டினாலும் மிச்சம் பிடிக்க முடியாது. இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். எங்கள் கடற்காற்றிலும் வியர்வையிலும் கருவியைக் கொல்வது ஈரம்தான். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு அதே கையால் தொடவும் வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் போடாவிட்டால் அவரிடமே கேளுங்கள்: 'என்ன கேட்க வேண்டும் அப்பா?' செய்தியா, பேரப்பிள்ளையா, கோணேசர் கோயில் மணியா? பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் கேட்க வைக்க விரும்புவது ஒன்று, அவர் கேட்க விரும்புவது வேறொன்று. அவர் சொன்னதிலிருந்து தொடங்குங்கள். அப்புறம், சமையலறையிலிருந்து கூப்பிடுவதை நிறுத்துங்கள். முன்னால் போய், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று, சாதாரணக் குரலில், கொஞ்சம் நிதானமாகக் கதையுங்கள். உதட்டைப் பார்த்து அவர் பாதியைப் பிடித்துவிடுவார். கருவிக்குச் செலவழித்ததில் ஒரு சதம்கூட இதற்குத் தேவையில்லை.

அண்ணா அழைக்கும்போது பக்கத்தில் இன்னொரு ஃபோனில் கூகுளின் 'லைவ் ட்ரான்ஸ்கிரைப்' செயலியைத் திறந்து வைத்தால், கதைப்பது தமிழ் எழுத்தாக ஓடும். இலவசம். எங்கள் பேச்சுவழக்கில் கொஞ்சம் தடுமாறும், அதையும் சிரித்துக்கொண்டு வாசிக்கலாம்.

மாமிக்கு 66 வயது. இரண்டு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது பக்கம் பலவீனம், பேச்சும் குழறல். வார்டில் மூக்குக் குழாயால் சாப்பாடு கொடுத்தார்கள், வீட்டுக்கு விடும்போது கழற்றிவிட்டார்கள். இப்போது தண்ணீர் குடித்தால் இருமல். பிட்டு, பாண் கொடுக்கிறோம், பரவாயில்லை. இரண்டு தரம் காய்ச்சல் வந்து நெஞ்சுச்சளி என்று மருந்து எடுத்தோம். தண்ணீருக்கு மட்டும்தானே இருமல், தொண்டையில் கோளாறு இருக்காதுதானே? — ஒரு மருமகள், தம்பலகாமம்

இந்தக் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது இருமல் அல்ல, அந்த இரண்டு காய்ச்சல்.

விழுங்குவதற்கு நாக்கு, தொண்டை, குரல்வளை எல்லாம் சேர்ந்து கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை செய்ய வேண்டும். குரல்வளை மேலே எழும்பும், அதன் மூடி மடங்கும், குரல்நாண்கள் இறுக மூடும். அதற்குப் பிறகுதான் உணவு தாண்டிப் போக வேண்டும். பாரிசவாதத்தில் இந்த மூடல் தாமதமாகிறது. தண்ணீர் காத்திருக்காது, கதவு மூட முன்பே ஓடி மூச்சுக்குழாய்க்குள் விழும். ஆகவே பெலன் குறைந்த தொண்டைக்கு மிகக் கஷ்டமான உணவு வெறும் தண்ணீர்தான். 'தண்ணீர்தானே, வழுக்கிக்கொண்டு போகும்' என்று எல்லோரும் நினைக்கிறோம்.

இருமுவது நல்லது, உள்ளே போனதை வெளியே தள்ளும் முயற்சி அது. சிலருக்கு உணர்வே குறைந்து, இருமாமலே உள்ளே இறங்கும். பிட்டுக்கு இருமவில்லை என்பதால் பிட்டு சரியாகப் போகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாக, கரகரவென்று மாறுகிறதா என்று கவனியுங்கள். திரும்பத் திரும்ப வரும் நெஞ்சுச்சளி, உணவோ எச்சிலோ நுரையீரலுக்குள் போகிறது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம்.

முதலில் டொக்டரிடம் நெஞ்சைக் காட்டுங்கள். கிளினிக்கில் 'விழுங்கும்போது இருமல், இரண்டு தரம் காய்ச்சல்' என்று சொல்லி, பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். 'விழுங்குவதற்கு ஏன் பேச்சு மிஸ்ஸிடம்?' என்று கேட்காதவர்கள் குறைவு. அதே நாக்கு, அதே தொண்டை. எங்கள் படிப்பில் பாதி இதுதான்.

அதுவரைக்கும் சில விஷயம். மாமியைக் கதிரையில் நிமிர்த்தி இருத்துங்கள். கட்டிலில் சாய்ந்தபடி வேண்டாம். நீங்களும் அவருக்கு முன்னால் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், தலை பின்னால் போனால் மூச்சுப் பாதை இன்னும் திறக்கும். அதே காரணத்துக்காக, செம்பை உயர்த்தி அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் பழக்கம் இப்போது கூடவே கூடாது. சிறிய கரண்டி. ஒரு வாய் விழுங்கி முடிந்ததைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது ஒன்றும் கொடுக்காதீர்கள். வலது கன்னத்துக்குள் சாப்பாடு தங்கியிருக்கும், அவருக்கு அது தெரியாது. ஒவ்வொரு முறையும் பாருங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் இருந்தபடியே இருக்கட்டும். பல் தேய்ப்பது காலையும் இரவும் கட்டாயம், பல்லே இல்லாவிட்டாலும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். அழுக்கு வாயின் எச்சில் நுரையீரலுக்குள் போவதுதான் காய்ச்சலுக்குப் பெரிய காரணம். வீடுகளில் இதைத்தான் யாரும் செய்வதில்லை.

பிட்டை நிறுத்துங்கள். உதிர்ந்து வாய் முழுக்கப் பரவி, ஒன்றாகத் திரளாத உணவு அது. சொதி விட்டால் நிலைமை மோசம், சொதி முன்னால் ஓடிவிடும், பிட்டு பின்னால் நிற்கும். பாண் பசையாக ஒட்டும். குழையவிட்ட சோற்றைப் பருப்போடு மசித்துக் கொடுக்கலாம். கட்டியில்லாத குரக்கன் கூழ் நல்லது. உங்கள் பக்கம் நல்ல எருமைத் தயிர் கிடைக்கும்தானே, அதைக் கட்டியில்லாமல் அடித்துக் கொடுங்கள். சீனி வருத்தம் இருந்தால் கித்துள் பாணியை மறந்துவிடுங்கள். சூடை, கீரி போன்ற முள் மீன்கள் வேண்டவே வேண்டாம்.

தண்ணீரைத் தடிப்பாக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சிலருக்குத் தேவை, சிலருக்குத் தேவையில்லை. தடித்த தண்ணீர் பிடிக்காமல் குடிப்பதைக் குறைத்து உடம்பு வற்றிப் போகிறவர்களும் உண்டு. எவ்வளவு தடிப்பு என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்வோம். அதற்கு உலகம் முழுவதும் 0 முதல் 7 வரை ஓர் அளவு இருக்கிறது. 10 மில்லிலீட்டர் சிரிஞ்சில் பானத்தை நிரப்பி 10 செக்கன் ஒழுக விடுவோம். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்று. கிளினிக்கில் அதே வகை சிரிஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தால் வீட்டிலும் பார்க்கலாம். அரிசி மாக் கஞ்சியால் தடிப்பாக்குபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: மாப்பொருளை எச்சில் கரைக்கும். வாயில் வைத்த கரண்டியைத் திரும்பக் கோப்பைக்குள் விட்டால் கொஞ்ச நேரத்தில் கோப்பையே தண்ணீராகிவிடும்.

மூக்குக் குழாய் திரும்பவும் வேண்டும் என்று சொன்னால் அதைத் தோல்வியாக எடுக்க வேண்டாம். பாரிசவாதத்துக்குப் பிறகு விழுங்கல் பலருக்குக் கிழமைகளில், மாதங்களில் தேறிவிடுகிறது. அதுவரை நுரையீரலைக் காப்பாற்ற ஒரு வழி அது. குளிசையை இடித்துக் கொடுப்பதற்கு முன் பாமசியில் கேளுங்கள், மெதுவாகக் கரையும் வகை சிலவற்றை இடிக்கக் கூடாது.

இன்னொன்று. கடிதம் முழுக்க நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், மாமிக்கு எது விருப்பம், எது கஷ்டம் என்று ஒரு வரியும் இல்லை. பேச்சுக் குழறினாலும் தலையாட்டுவார். இரண்டு கிண்ணத்தைக் காட்டி எது என்று கேளுங்கள். (முகம் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறி யாரைக் கண்டாலும் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். ஓட்டோ பிடித்து நாட்டு வைத்தியரிடம் போவது வேண்டாம்.)

பிள்ளைக்கு 7 மாதம். குளிக்க வார்க்கும்போது அம்மம்மா காதுக்குள் தேங்காயெண்ணெய் விடுகிறா. தட்டைத் தட்டினால் திரும்புகிறான், கேட்கிறது என்கிறா. சரியா? — உப்புவெளி

எண்ணெயை நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே போய்த் தொற்று வரும். குறும்பி தானாக வெளியே வரும், பஞ்சுக்குச்சியும் வேண்டாம்.

தட்டுச் சத்தம் பரிசோதனை ஆகாது. பாதி கேட்கும் பிள்ளையும் பெரிய சத்தத்துக்குத் திரும்பும், உங்கள் கை அசைவைப் பார்த்தும் திரும்பும். பிறந்து ஒரு மாதத்துக்குள் கேட்டல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் உலகமெங்கும் வைக்கிற குறி. பரிசோதனைக்கு வலி இல்லை, நித்திரையிலேயே செய்யலாம். குறைமாதத்தில் பிறந்திருந்தால், மஞ்சள் காமாலை கூடியிருந்தால், குடும்பத்தில் கேட்காதவர்கள் இருந்தால், சொந்தத்துக்குள் கலியாணம் செய்திருந்தால் யோசிக்காமல் கூட்டிப் போங்கள். அம்மம்மாவோடு சண்டை பிடிக்காமல், அந்த எண்ணெயைப் பிள்ளையின் கை காலுக்குப் பூச விடுங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். உவர்மலை. இயக்க நரம்பு நோய், உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து போகும் வருத்தம். பேச்சுப் போய்விட்டது, மூளை நன்றாக இருக்கிறது. ஒரு விரலால் ஃபோனில் இதை எழுதுகிறேன். எழுதி முடிப்பதற்குள் கதை எங்கோ போய்விடுகிறது. கிளினிக்கில் என் முன்னாலேயே மனைவியிடம் 'ஐயா சாப்பிட்டாரா' என்று கேட்கிறார்கள். வேறு சிலர் எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக் கத்துகிறார்கள். மகன் பல இலட்சம் ரூபாய் இயந்திரம் வாங்கலாம் என்கிறான். வாங்கலாமா?

இப்போது வேண்டாம், சேர். விரல் வேலை செய்யும்வரை உங்கள் ஃபோனே போதும். எழுதியதைத் தமிழ்க் குரலில் வாசிக்கும் வசதி ஃபோனிலேயே உண்டு. அடிக்கடி சொல்பவற்றை முன்கூட்டியே எழுதிச் சேமித்து வையுங்கள், ஒரு தட்டில் சொல்லிவிடும். 'வணக்கம், நலமா' போன்றவற்றை விட்டுவிட்டு, 'காலைத் திருப்பி விடு', 'நுளம்பு கடிக்கிறது', 'நான் இன்னும் முடிக்கவில்லை', 'நான் சொல்ல வந்தது அது இல்லை' என்பவற்றை முதலில் போடுங்கள். கடைசி இரண்டும்தான் உங்களுக்கு அதிகம் தேவைப்படும்.

ஆனால் விரல் சோரும் நாளுக்கு இப்போதே தயாராக வேண்டும். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை, நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இதே நோய் வந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங் முதலில் கையால் ஒரு சுவிட்சை அழுத்தினார், கை போன பிறகு கன்னத் தசையின் சிறு அசைவால் கணினியை இயக்கினார். எங்கே ஓர் அசைவு மிஞ்சுகிறதோ அங்கே பேச்சை மாட்டலாம். பல இலட்சத்தை அப்போது யோசிக்கலாம், கண்ணசைவைப் படிக்கும் கருவிகள் உண்டு. அதையும் வாங்க முன் பாவித்துப் பாருங்கள்.

இயந்திரத்துக்கு முன் ஓர் அட்டை செய்யுங்கள். மின்சாரம் போனாலும் மழையில் நனைந்தாலும் வேலை செய்யும். தமிழுக்கு 247 எழுத்தையும் அட்டையில் போட்டால் கண் தேடிக் களைத்துவிடும். 12 உயிர், 18 மெய், ஆக முப்பதே போதும், ஐந்து ஐந்தாக ஆறு வரி. உங்கள் மனைவி 'முதல் வரியா, இரண்டாவதா' என்று கேட்டுக்கொண்டு வருவார், சரியான வரியில் நீங்கள் கண்ணை மூடித் திறப்பீர்கள். பிறகு அந்த வரிக்குள் எழுத்து. 'கி' வேண்டுமென்றால் க், பிறகு இ. 'க' என்றால் க் மட்டும் காட்டினால் போதும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள், பாதி வேலை மிச்சம். புள்ளி வைக்க வேண்டிய இடம் பெரும்பாலும் படிப்பவருக்கே விளங்கும். விரல் நன்றாக இருக்கும்போதே தினமும் கொஞ்சம் பழகுங்கள். தேவை வந்த பிறகு பழகுவது இருவருக்கும் கொடுமை.

இதே நோய் விழுங்கலையும் பிடிக்கும். இருமல் தொடங்கினால் மேலே தம்பலகாமத்துக்கு எழுதியதை வாசித்துவிட்டு, தள்ளிப் போடாமல் வாருங்கள்.

கிளினிக்குக்கு வரும்போது சட்டைப் பையில் ஓர் அட்டை குத்திக்கொள்ளுங்கள்: 'எனக்கு நன்றாகக் கேட்கும், விளங்கும். என்னிடமே கேளுங்கள். பதிலுக்குப் பொறுத்திருங்கள்.' தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். நாங்கள் அதற்குக் கோபிக்க மாட்டோம். கோபித்தால் அது எங்கள் பிழை.

அப்புறம், நீங்கள் சொல்லைத் தொடங்கும்போது மற்றவர் ஊகித்து முடிக்கலாமா கூடாதா என்பதை மனைவியோடும் மகனோடும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். சிலருக்கு அது பெரிய உதவி, சிலருக்குப் பெரிய எரிச்சல். வகுப்பறையில் இருந்தவர் நீங்கள், இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் எழுத்து அட்டையின் மேல் ஓரத்தில் அதையும் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.